வேலூர்க்காரரின் சிறு பாய்மரப் படகுக்கு எந்த முன்பாய்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் குடியிருந்துகொண்டு, சென்னையில் 27 அடிப் பாய்மரப் படகு ஒன்றை நான்கு பேர் கூட்டாக வைத்திருக்கிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர் இது என்பதால் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. அண்மையில் ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்தும் சிலர் பழைய படகு வாங்கும் எண்ணத்தோடு விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுள் பெரும்பகுதி முன்பாயைப் பற்றியதாக இருந்ததால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். 25 முதல் 30 அடி வரையுள்ள, ஒற்றைப் பாய்மரப் பயணப் படகை மனத்தில் வைத்தே எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

முன்பாய் என்று எதைச் சொல்கிறோம்?

பாய்மரத்தின் உச்சியிலிருந்தோ, உச்சிக்குச் சற்றுக் கீழிருந்தோ படகின் மூக்கு வரை இறங்கும் எஃகுக் கம்பிக்கு ஃபோர்ஸ்டே என்று பெயர். அந்தக் கம்பியில் ஏற்றப்படும் முக்கோணப் பாய் முன்பாய். அது பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வராத அளவில் இருந்தால் ஜிப் என்றும், தாண்டி வந்து பெரிய பாயின் பக்கவாட்டில் கவிந்து நின்றால் ஜெனோவா என்றும் அழைக்கப்படுகிறது. 1920களில் ஸ்வென் சலேன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாய்மரப் பந்தய வீரர் இத்தாலியின் ஜெனோவா நகரப் பந்தயத்தில் இப்படிப்பட்ட கவிந்த பாயைப் பயன்படுத்தியதிலிருந்து அந்த ஊர்ப் பெயர் பாய்க்கு ஒட்டிக்கொண்டது.

பாயின் மேல்மூலை தலை; மூக்கோடு கட்டப்படும் கீழ்மூலை டாக்; பின்னால் வரும் கீழ்மூலை க்ளூ. கம்பியை ஒட்டிய முன்விளிம்பை லஃப் என்றும், காற்று வெளியேறும் பின்விளிம்பை லீச் என்றும் சொல்வார்கள். பாயை ஏற்றும் கயிறு ஹாலியார்டு, க்ளூ மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஷீட். நம் கடலோரத்தார் இவற்றுக்கு ஆஞ்சான், தாமான் என்று சொற்கள் வைத்திருந்தார்கள். படகுக் கடையில் அவற்றைச் சொல்லிக் கேட்டால் பொருள் கிடைக்காது என்பதால் இங்கே கடைச் சொற்களையே எழுதுகிறேன்.

பாய்மரத்துக்குப் பின்னால் பெரிய பாய் இருக்கும்போது முன்பாய்க்கு ஏன் இவ்வளவு கவலை?

பெரிய பாயின் முன்விளிம்புக்கு முன்னால் பாய்மரம் தடியாக நிற்கிறது. அதில் மோதிக் கலைந்த காற்றுதான் அந்தப் பாய்க்குக் கிடைக்கிறது. முன்பாய்க்கு முன்னால் மெல்லிய கம்பி ஒன்று மட்டுமே இருப்பதால் கலையாத காற்று கிடைக்கிறது. இரண்டு பாய்களுக்கும் நடுவிலுள்ள சந்தில் காற்று வேகமெடுத்துப் பாய்ந்து பெரிய பாய்க்கு வலுச் சேர்க்கிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். விமானக் காற்றியக்கப் பொறியாளரான ஆர்வெல் ஜென்ட்ரி 1970களில் அது பிழை என்று காட்டினார். சந்தின் முன்பகுதியில் காற்றின் வேகம் குறையவே செய்கிறது. பெரிய பாய் தனக்கு முன்னால் வரும் காற்றைச் சற்று வளைத்துக் கொடுப்பதால் ஆதாயம் அடைவது முன்பாய்தான். பதிலுக்கு, பெரிய பாயின் முன்பகுதியில் காற்று பிய்ந்து விலகாமல் முன்பாய் காக்கிறது. எதிர்க்காற்றில் ஏறிச் செல்லும்போது ஒரு சதுர மீட்டருக்கு அதிகம் உழைப்பது முன்பாய் என்பதற்கு இதுவே காரணம். அதைத் தவறாகப் பிடித்தால் இரண்டு பாய்களும் சேர்ந்து கெடுகின்றன.

100, 135, 150 சதவீதம் என்கிறார்களே, அது எதன் சதவீதம்?

பரப்பளவின் சதவீதம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. தளத்தில் பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து ஃபோர்ஸ்டே இறங்கும் இடம் வரையுள்ள தூரம் ஜே. தளத்திலிருந்து அந்தக் கம்பி மேலே சேரும் இடம் வரையுள்ள உயரம் ஐ. க்ளூ மூலையிலிருந்து முன்விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, அதன் நீளத்தை ஜே தூரத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் அந்தச் சதவீதம்.

ஐ 10 மீட்டரும் ஜே 3 மீட்டரும் உள்ள படகை எடுத்துக்கொள்வோம். 135 சதவீதப் பாயில் செங்குத்துக் கோடு 4.05 மீட்டர். முன்விளிம்பு 9.8 மீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். அதே கணக்கில் 100 சதவீதப் பாய் 15 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், 150 சதவீதப் பாய் 22 சதுர மீட்டராகவும் வரும். 135க்கும் 150க்கும் இடையில் கிடைப்பது 2 சதுர மீட்டர் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். அந்த 2 சதுர மீட்டரும் பாய்மரத்தின் பக்கக் கம்பிகளுக்கு வெளியே, ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் உரசி இழுபடும் இடத்தில் வருகிறது.

அப்படியானால் நாங்கள் எந்த அளவை வாங்க வேண்டும்?

பாயை எப்படி ஏற்றுவோம் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, எப்படி இறக்குவோம் என்பதை முதலில் யோசியுங்கள். ஏற்றும்போது காற்று மென்மையாக இருக்கும், நான்கு பேரும் உற்சாகமாகக் கைகொடுப்பார்கள். இறக்க வேண்டிய நேரத்தில் இருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாமவர் சுக்கானில் இருப்பார். நீங்கள் ஒருவர்தான் மிச்சம். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 10 கடல்மைல் காற்றில் ஒரு கையால் பிடித்த ஷீட் கயிறு 20 கடல்மைல் காற்றில் உங்களையே இழுத்துச் செல்லும்.

நம் பக்கத்துக் கடலின் போக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோடையில் நண்பகலையொட்டிக் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்று எழுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை காலையில் கரையிலிருந்து மேல்காற்று வீசும்; சில மாலைகளில் உள்நாட்டில் திரண்ட இடிமழை கிழக்கே நகர்ந்து, கடற்காற்று சட்டென்று அடங்கியபின் மேற்கிலிருந்து பேய்க்காற்றாக இறங்கும். வேலூரில் மாலை ஐந்து மணிக்குக் கதவுகளை அறைந்துவிட்டுப் போகும் அதே வகைக் காற்றுதான் கடலிலும் இறங்குகிறது. அக்டோபருக்குப் பின் வாடை.

ஆகவே மென்காற்றில் படகு நகரும் அளவுக்குப் பெரியதாகவும், நொடியில் சிறிதாக்கக் கூடியதாகவும் ஒரே பாய் வேண்டுமென்றால், சுருட்டும் கருவியில் 130 அல்லது 135 சதவீத ஜெனோவாவைத்தான் சொல்வேன். அதைக் கால் பங்கு சுருட்டி 100 சதவீதமாக்கினாலும் வடிவம் ஓரளவு நிற்கும். 150 சதவீதப் பாயை அந்த அளவுக்குச் சுருட்டினால் நடுவில் பை விழுந்து, படகை முன்னே தள்ளுவதைவிடச் சாய்ப்பதிலேயே வலுவைச் செலவிடும். பந்தயத்துக்குப் போகாதவருக்கு 150 தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் நீங்களும் மனைவியும் மட்டுமே செல்வதாக இருந்தால் 110 சதவீதம் போதும். மென்காற்று நாளில் இயந்திரத்தைப் போட்டுக்கொள்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

சுருட்டும் கருவி நல்லதா, கொக்கிகளில் மாட்டும் பாய் நல்லதா?

கொக்கிப் பாயில், முன்விளிம்பு நெடுக ஹாங்க் எனப்படும் வெண்கலக் கொக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டிப் பாயை ஏற்ற வேண்டும். கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. ஹாலியார்டை விட்டால் பாய் இறங்கிவிடும். தலைமூலையிலிருந்து டாக் அருகிலுள்ள கப்பி வழியாகப் பின்னால் உட்காரும் குழிக்கு மெல்லிய இறக்குகயிறு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டால், முன்தளத்துக்குப் போகாமலே பாயைத் தளத்தில் விழச் செய்யலாம். ஒவ்வொரு பாயும் தன் அளவில் வெட்டப்பட்டது என்பதால் வடிவமும் சிறப்பாக இருக்கும். மாற்றும் வேலைதான் தொல்லை: ஆடும் மூக்கில் மண்டியிட்டு, நனைந்த பாயைக் கழற்றி, சிறிய பாயை மாட்ட வேண்டும். பழைய பாயைத் திணித்துவைக்க அறைக்குள் இடமும் வேண்டும். 27 அடிப் படகில் அந்த இடம் யாராவது ஒருவருடைய படுக்கையாக இருக்கும்.

சுருட்டும் கருவியில், கம்பியைச் சுற்றி அலுமினியக் குழல் ஒன்று இருக்கும். அதன் பள்ளத்தில் பாயின் விளிம்பு நுழையும். கீழே உள்ள உருளையில் சுற்றிய கயிற்றை இழுத்தால் குழல் சுழன்று பாய் அதன்மேல் சுருண்டுகொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை 140 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து, மாலைக்குள் திரும்ப வேண்டியவருக்கு இது வரம். நான் இதையே வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று செய்திகளை வாங்கும் முன்பே பாய் தைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். முன்விளிம்பில் நுரைப்பட்டையோ கயிற்று வரிசையோ வைத்துத் தைத்தால், பாதி சுருட்டிய பாயில் பை விழுவது குறையும். சுருண்டபின் வெயிலில் தெரியும் பின்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் அக்ரிலிக் துணியில் மறைப்புப் பட்டை வேண்டும்; அது எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது உங்கள் உருளை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. க்ளூ மூலையைச் சற்று உயர்த்தி வெட்டச் சொன்னால் முன்னால் வரும் கட்டுமரமும் கண்ணுக்குத் தெரியும், சுருட்டும்போது ஷீட் கயிறு செல்லும் கப்பியை அதிகம் நகர்த்தவும் வேண்டியிராது.

உருளையில் கயிறு போதுமான அளவு இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். பாய் முழுவதும் சுருண்டபின் ஷீட் கயிறுகள் அதன்மேல் இரண்டு மூன்று சுற்று விழ வேண்டும். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும்போது அதிகச் சுற்றுத் தேவைப்படும் என்பதால் அதற்கும் மேல் நான்கைந்து சுற்று மிச்சம் வேண்டும்.

பாதியில் சுருள மறுத்தால் என்ன செய்வது?

செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன். கோவளத்துக்கு எதிரே, மாலை நான்கு மணிக்கு மேல், மேற்கே வானம் கருத்து வந்தது. சுருட்டு கயிற்றை இழுத்தேன். இரண்டு சுற்றுச் சுருண்டு நின்றுவிட்டது. அவசரத்தில் கயிற்றை, பாரக் கயிறுகளை இறுக்கும் கைச்சுழல் கருவியான வின்ச்சில் போட்டுக் கைப்பிடியால் முறுக்கினேன். மேலே ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதன்பின் எதுவும் அசையவில்லை. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, இயந்திரத்தின் துணையில் ஒருவழியாகத் துறைமுகத்துக்கு வந்தோம். மறுநாள் ஆள் ஏறிப் பார்த்தபோது, ஹாலியார்டு குழலின் மேல் கொடிபோல இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது; குழலின் மேல்துண்டு முறுக்கிக்கொண்டு வாய் பிளந்திருந்தது. பழி கருவியின்மேல் இல்லை, வின்ச்சில் போட்ட கையின்மேல்தான்.

காரணம் எளியது. குழலோடு சேர்ந்து சுழல்வது பாய் மட்டுமே; ஹாலியார்டு சுழலக் கூடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுழலி அதற்காகத்தான் இருக்கிறது. ஹாலியார்டு கம்பிக்கு இணையாக ஒட்டியே மேலே போனால், உராய்வில் அதுவும் குழலோடு சுற்றத் தொடங்கும். ஆகவே சுழலிக்கு மேல் ஹாலியார்டு கம்பியிலிருந்து 8 முதல் 10 பாகை விலகிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கோணம் போதாவிட்டால் பாய்மரத்தின் முன்முகத்தில் ஹாலியார்டைப் பிடித்துவைக்கும் வழிகாட்டி ஒன்றைத் திருகிக்கொள்ளுங்கள். பாய் உயரம் குறைவாக இருந்து சுழலி கீழேயே நின்றால், தலைமூலைக்கும் சுழலிக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பி சேர்த்துச் சுழலியை உச்சிக்கு அருகே கொண்டுசெல்லுங்கள்.

கடலில் சிக்கிக்கொண்டால்: இழுப்பதை உடனே நிறுத்துங்கள், காற்றைப் பின்னால் வாங்குமாறு திரும்பி, பெரிய பாயின் மறைவில் முன்பாயை விட்டு, மீண்டும் விரித்து, ஹாலியார்டின் இறுக்கத்தைச் சற்று மாற்றி, மெல்ல முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் முழுவதும் விரித்து, ஹாலியார்டை விட்டுப் பாயைத் தளத்தில் இறக்கிவிடுவதே மேல்.

பாய்த்துணியை எப்படிப் பார்த்து வாங்குவது?

குடியாத்தத்திலோ ஆரணியிலோ தறி ஓடும் வீட்டில் பிறந்தவருக்கு இதைப் பாதி விளக்கினால் போதும். பயணப் படகுகளின் பாய்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையில் நெய்யப்படுகின்றன. டேக்ரான் என்ற வணிகப் பெயரே துணிக்கும் பெயராகிவிட்டது. எந்த நெசவிலும் பாவு நூல் மேலும் கீழும் வளைந்து போகும்போது ஊடை நூல் நேராகப் போகுமாறு செய்யலாம். நேராக இருக்கும் நூலே குறைவாக நீளும். பாயில் அதிக இழுவிசை விழுவது பின்விளிம்பு நெடுக. துண்டுகளைப் பின்விளிம்புக்குக் குறுக்காக அடுக்கித் தைக்கும் முறையில் ஊடை நூல்தான் பின்விளிம்போடு ஓடும். எனவே அந்தத் துணியில் ஊடை தடிமனாகவும் நேராகவும் இருக்க வேண்டும்.

லுங்கியின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாவிலோ ஊடையிலோ இழுத்தால் அசையாத துணி, குறுக்கே இழுத்ததும் ரப்பர் போல நீளும். பாயும் அப்படித்தான் தன் வடிவத்தை இழக்கிறது. அதைத் தடுக்கவே நெசவை நெருக்கி, சூட்டில் சுருக்கி, பிசின் ஏற்றுகிறார்கள். புதுப் பாய் காகிதம்போல மொறுமொறுப்பது அந்தப் பிசினால்தான். பாவுக்குப் போட்ட கஞ்சி துவைக்கத் துவைக்கப் போவதுபோல, காற்றில் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள இந்தப் பிசினும் உதிரும். அதன்பின் துணி கிழியாமல் இருக்கும், ஆனால் வடிவம் இராது. பழைய பாய் வாங்கும்போது ஓட்டையைத் தேடுவதைவிடத் துணியைக் கசக்கிப் பார்ப்பது பயனுள்ளது. பழைய வேட்டிபோலக் குழைந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எடையைப் பாய் தைப்பவர்கள் அவுன்ஸில் சொல்வார்கள். அவர்களுடைய கஜம் 36 அங்குலத்துக்கு 28.5 அங்குலம் என்பதால், அவர்களின் 6 அவுன்ஸ் நம் கணக்கில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 257 கிராம். நம் அளவுப் படகின் சுருட்டும் ஜெனோவாவுக்கு 6 அவுன்ஸை ஒட்டி வாங்கலாம்.

ஷீட் கயிற்றை க்ளூ மூலையில் எப்படிக் கட்டுவது? ஷாக்கிள் (உலோகக் கொளுவி) மாட்டலாமா?

மாட்ட வேண்டாம். படபடக்கும் பாயின் மூலையில் இரும்புத்துண்டு ஒன்று தலை உயரத்தில் வீசிக்கொண்டிருப்பது கவணில் கல் வைத்துக்கொண்டு நிற்பதற்குச் சமம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தனிக்கயிறுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பவ்லைன் என்ற, இறுகாத கண்ணி முடிச்சால் கட்டுங்கள். படகின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம், அதாவது 27 அடிப் படகுக்கு ஒவ்வொன்றும் 12 மீட்டருக்கு மேல், 10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமனில் பின்னிய பாலியெஸ்டர். நைலான் நீளும், நங்கூரத்துக்கு அது நல்லது, ஷீட்டுக்கு ஆகாது. தார்ப்பாய் கட்ட நம் கடைத்தெருவில் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நார்நாராகிவிடும், கையையும் அறுக்கும்.

மறுமுனையில் ‘8’ வடிவ முடிச்சு ஒன்று போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் கயிறு கப்பி வழியாக உருவிக்கொண்டு போய்விடும்.

வின்ச்சில் கயிறு ஒன்றன்மேல் ஒன்றேறிப் பூட்டிக்கொள்கிறதே?

கயிறு உருளையை நோக்கிச் சற்றுக் கீழிருந்து மேலேறி வர வேண்டும். மட்டமாகவோ மேலிருந்தோ வந்தால் ஏறிக்கொள்ளும். முதலில் இரண்டு சுற்று மட்டும் வலஞ்சுழியாகப் போட்டுத் தளர்ந்த கயிற்றை வேகமாக இழுத்துவிட்டு, பாரம் ஏறியபின் மூன்றாவது, நான்காவது சுற்றைச் சேர்த்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

ஷீட் கயிறு செல்லும் கப்பியை எந்த இடத்தில் நிறுத்துவது?

புதியவர்கள் பாயின் அளவைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டுவிட்டு, இதை ஒருமுறைகூடக் கேட்பதில்லை. என் அனுபவத்தில் தவறான அளவுப் பாயைச் சரியான இடத்திலிருந்து இழுத்தால் படகு ஓடும். சரியான பாயைத் தவறான இடத்திலிருந்து இழுத்தால் ஓடாது.

தளத்தின் பக்கவாட்டில் தண்டவாளம்போலப் பதித்த டிராக்கின் மேல் அந்தக் கப்பி முன்னும் பின்னும் நகரும். ஆங்கிலத்தில் அதற்குக் கார் என்று பெயர். நான் வண்டி என்றே சொல்கிறேன். வண்டி முன்னே போனால் கயிறு பாயைக் கீழ்நோக்கி இழுக்கும். பின்விளிம்பு இறுகி, அடிவிளிம்பு தளர்ந்து வயிறு வைக்கும். வண்டி பின்னே போனால் அடிவிளிம்பு இறுகும். பின்விளிம்பு மேலே திறந்து முறுக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் இருக்கிறது. தொடக்கத்துக்கு, ஷீட் கயிற்றின் கோட்டைக் கற்பனையில் க்ளூ மூலையைத் தாண்டிப் பாயின்மேல் நீட்டிப் பாருங்கள். அது முன்விளிம்பின் பாதி உயரத்தை ஒட்டித் தொடுமாறு வண்டியை நிறுத்துங்கள்.

பிறகு கம்பளி நூலிடம் கேளுங்கள். முன்விளிம்பிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால், கால், அரை, முக்கால் உயரங்களில், பாயின் இருபுறமும் ஒரு சாண் நீளக் கம்பளி நூலை ஒட்டுங்கள். எதிர்க்காற்றில் ஏறும்போது படகைக் காற்றை நோக்கி மெல்லத் திருப்பி, காற்று வரும் பக்கத்து நூல்களைப் பாருங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கினால் வண்டி சரியான இடத்தில் இருக்கிறது. மேல்நூல் முதலில் துடித்தால் பாயின் மேற்பகுதி அதிகம் திறந்திருக்கிறது: வண்டியை முன்னே நகர்த்துங்கள். கீழ்நூல் முதலில் துடித்தால் பின்னே நகர்த்துங்கள். காற்று மிகும்போது மட்டும் இந்த விதியை நானே மீறுவதுண்டு. வண்டியை வேண்டுமென்றே ஓரிரு துளை பின்னே தள்ளினால் மேற்பகுதி காற்றை உதறிவிட்டு, சாய்ந்திருந்த படகு நிமிரும்.

பாயைப் பாதி சுருட்டும்போது க்ளூ மூலை முன்னேயும் மேலேயும் போகும். வண்டியும் அதோடு முன்னே போக வேண்டும். சுருட்டியபின் பாய் சரியாக நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியை நகர்த்தாதவர்களே. பாரத்தில் அது நகராது என்பதால் சுருட்டுவதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள். எங்கள் டிராக்கில் 135, 110, 90 சதவீதத்துக்கு உரிய துளைகளுக்கு எதிரே சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன்.

ஹாலியார்டை எவ்வளவு இறுக்குவது?

முன்விளிம்பிலிருந்து கிடைமட்டச் சுருக்கங்கள் தோன்றினால் போதாது. விளிம்பை ஒட்டி நெடுக்காக மடிப்பு விழுந்தால் அதிகம். சுருக்கம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். காற்று கூடும்போது பாயின் வயிறு பின்னே நகரும். அதை முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவர ஹாலியார்டை இன்னும் சற்று இறுக்க வேண்டும். கரைக்கு வந்ததும் தளர்த்திவிடுங்கள். லீச் துடித்து ‘பர்ர்’ என்று சத்தமிட்டால், அதனுள் ஓடும் மெல்லிய கயிற்றைத் துடிப்பு அடங்கும் வரை மட்டும் இழுங்கள்.

புயல் பாய் தேவையா?

பகலில் மட்டும் கரையோரம் ஓடுபவருக்கு இல்லை. புதுச்சேரிக்கோ அதற்கு அப்பாலோ போக எண்ணினால் தேவை. தொலைகடல் பந்தயங்களுக்கு வேர்ல்டு செய்லிங் அமைப்பு வகுத்த விதிகளின்படி புயல் ஜிப்பின் பரப்பு, முன்முக்கோண உயரத்தின் (மேலே சொன்ன ஐ) வர்க்கத்தில் 5 சதவீதத்துக்கு மிகக் கூடாது. ஐ 10 மீட்டரான நம் எடுத்துக்காட்டுப் படகுக்கு அது 5 சதுர மீட்டர். வீட்டுக் கதவுகள் மூன்றை ஒட்டிவைத்த அளவு. சுருட்டும் கருவி உள்ள படகில் அதை எங்கே ஏற்றுவது என்பதுதான் சிக்கல்; ஜெனோவாவைப் பள்ளத்திலிருந்து உருவிவிட்டு இதை நுழைக்க அந்தக் காற்றில் யாராலும் முடியாது. ஃபோர்ஸ்டேக்குப் பின்னால் கழற்றி மாட்டக்கூடிய உள்கம்பி ஒன்றை முன்கூட்டியே அமைத்து, தளத்தின் அடியில் அதற்கு வலுவான பிடிப்பும் கொடுத்தால், புயல் ஜிப்பைக் கொக்கிகளால் அதில் ஏற்றலாம்.

பின்காற்றில் முன்பாய் தொங்கிவிடுகிறதே?

பெரிய பாயின் மறைவில் அதற்குக் காற்றுக் கிடைப்பதில்லை. ஜே தூரத்தின் நீளமுள்ள கழி ஒன்றால் க்ளூ மூலையை எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்துங்கள். கழி இல்லாவிட்டால் 20 பாகை திரும்பி, வளைந்து வளைந்து செல்லுங்கள்.

வேலூரிலேயே பாயைப் பழுதுபார்க்க முடியுமா?

மறைப்புப் பட்டையும் நேர்த்தையலும் முடியும். லாரித் தார்ப்பாய் தைக்கும் கடை ஒன்றுக்கு எங்கள் ஜெனோவாவைக் கொண்டுபோனேன். கடைக்காரரை ஊரே ‘பாய்’ என்றுதான் அழைக்கும். “என்ன சார், ஷாமியானாவா?” என்றார். “இல்லை பாய், படகுப் பாய்.” “பாய்கிட்டயே பாயா!” என்று சிரித்துவிட்டு, துணியைத் தரையில் விரித்து, கட்டைவிரல் நகத்தால் பழைய தையலின்மேல் ஒரு கீறு கீறினார். நூல் மாவுபோல உதிர்ந்தது. “துணி நல்லா இருக்கு சார். நூல்தான் செத்துப்போச்சு.” பாய் தைப்பவர்கள் செய்யும் அதே நகச் சோதனைதான் அது. வெயில் துணிக்கு முன் நூலைக் கொல்கிறது. நூல் துணியின்மேல் மேடாக நிற்பதால் வெயிலும் உரசலும் அதைத்தான் முதலில் தாக்குகின்றன.

நூலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலாக இருக்க வேண்டும். பருத்தி கலந்த நூல் ஈரத்தில் மக்கிவிடும். வளைத்தையல் (ஜிக்ஜாக்) இயந்திரம் இல்லாத கடையில் மூன்று வரிசை நேர்த்தையல் போடச் சொல்லலாம். ஆனால் தடித்த ஊசியும் நெருங்கிய துளையும் கூடாது, தபால்தலைத் தாள்போலக் கிழிந்துவிடும். க்ளூ மூலை உரசும் இடத்தில் தோல் வைத்துத் தைப்பது நல்ல வழக்கம். அதற்கு உலகில் எங்கும் அலைய வேண்டாத ஊர் நம்முடையது. குரோம் பதனிட்ட தோலைக் கேளுங்கள். பட்டை பதனிட்ட தோல் நனைந்து உலர்ந்தால் விறைத்துக்கொள்ளும். ஆம்பூரில் காலணி தைக்கும் ஒருவர் குத்தூசியும் மெழுகு நூலுமாக எங்கள் மூலைகளை ஒரு மணி நேரத்தில் கையால் முடித்துக் கொடுத்தார். தலை, டாக், க்ளூ மூலைகளில் பல அடுக்குத் துணியும் வளையமும் சேரும் கட்டுமான வேலையை மட்டும் பாய் தைக்கும் கூடத்துக்கே அனுப்புங்கள்.

மழைக்காலத்தில் பாயைப் படகிலேயே விடலாமா?

விடவே கூடாது. சுருட்டி வைத்த பாயில் புயற்காற்று ஓர் இடுக்கைக் கண்டுபிடித்தால் போதும், முழுவதையும் பிரித்துவிடும். பிரிந்த பாய் தான் கிழிவதோடு நிற்காமல் கம்பியையும் கட்டுமிடத்தையும் ஆட்டிப் பிடுங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்ததுபோன்ற நாளில் வேலூரிலிருந்து புறப்பட்டுப் போய்ப் பாயை இறக்க முடியாது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தபின் கிளம்புவதும் பல நேரங்களில் தாமதமே. ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில், காற்றில்லாத ஒரு காலை வேளையில், நாங்கள் அதை இறக்கிவிடுகிறோம்.

நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் உலர்த்தி, அடிவிளிம்புக்கு இணையாக விசிறி மடிப்பாக மடித்து, பிறகு தளர்வாகச் சுருட்டிப் பையில் இடுங்கள். முந்தைய ஆண்டின் மடிப்பிலேயே மீண்டும் மடிக்காதீர்கள். தகரக் கூரைக்கு அடியில் வைக்க வேண்டாம். மே மாதம் 40 பாகையைத் தாண்டும் ஊரில் அந்த அறை அடுப்பாகிவிடும். எங்கள் பாய் கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எலி கடித்துவிடக் கூடாது என்பதால் பையின் வாயை இறுக்கிக் கட்டி, மாதம் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.